உலாவியின் மணிக்கூடும் தளம்புஞ் சோதனையும்

பொங்கற் பானையை அடுப்பேற்றிய எவரும் பால் பொங்குதற்கு இத்தனை நிமிடமென்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. விறகின் ஈரம், காற்றின் வேகம், பானையின் கனம் என்பனவெல்லாம் ஆண்டுக்காண்டு மாறுவன. ஆதலாற் பானையையே பார்த்திருந்து, பால் எழுந்து விளிம்பைக் கடக்கும் அக்கணத்திலே குரலெழுப்பி அரிசியை இடுகின்றோம். ‘பன்னிரண்டு நிமிடஞ் சென்றதும் அரிசி இடுக’ என்று ஏட்டில் எழுதிவைத்துப் பானையைப் பாராது அவ்வாறே செய்வாரை ஊர் நகைக்கும். எனினும், இணைய உலாவிகளுக்கும் அவற்றில் இயங்கும் மென்பொருள்களுக்கும் எழுதப்படுஞ் சோதனைகளுட் பல இந்த ஏட்டு முறையிலேயே அமைந்துள்ளன. அதனால் விளையும் இடர் யாது, அதனைத் தீர்ப்பதற்கு அறிஞர் கைக்கொண்ட வழிகள் யாவை என்பன பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயர்பொக்ஸ், குரோம் முதலிய உலாவிகள் கோடிக்கணக்கான வரிகளைக் கொண்ட பெரு மென்பொருள்கள். நாள்தோறும் பலர் பல இடங்களிலிருந்து அவற்றைத் திருத்துகின்றனர். ஒருவர் ஓரிடத்திற் செய்த திருத்தம் மற்றோரிடத்தைக் கெடுத்துவிடலாம் என்பதனால், ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் ஆயிரக்கணக்கான சிறு சோதனைகளைப் பொறியே ஓட்டிப் பார்க்கின்றது. பொத்தானை அழுத்தினாற் பட்டியல் விரிகின்றதா, பக்கத்தை மூடினால் ஒலி நிற்கின்றதா என்றாற்போன்ற வினாக்கள் அவை. சரியெனிற் பச்சை, பிழையெனின் வேறு நிறம். பயர்பொக்ஸை உருவாக்கும் மொசில்லா அமைப்பிலே தவறிய சோதனைக்குச் செம்மஞ்சள் நிறம் இடுவது வழக்கம். அங்குள்ளோர் காரணமின்றித் தவறுவனவற்றை ‘ஒறேஞ்சு’ என்றே நெடுங்காலம் அழைத்துவந்தனர்.

காரணமின்றித் தவறுவன என்றோம். ஒரே நிரலை, ஓரெழுத்தும் மாற்றாமல், ஒரே சோதனையால் இருமுறை ஆராயும்போது ஒருமுறை தேறியும் மறுமுறை தவறியும் வருமாயின் அச்சோதனையைத் தளம்புஞ் சோதனை எனலாம். இஃது அருகி நிகழ்வதொன்றன்று. கூகிள் நிறுவனத்தார் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, அவர்களுடைய சோதனைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 16 ஏதோ ஓரளவு தளம்புவன; பச்சையாயிருந்த சோதனை தவறியதாக மாறிய சந்தர்ப்பங்களுள் நூற்றுக்கு 84இல் தளம்புஞ் சோதனையொன்று சம்பந்தப்பட்டிருந்தது. இரண்டாவது எண்ணையே நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ‘தீ! தீ!’ என்ற கூக்குரல் நூறில் எண்பத்துநான்கு முறை ஐயத்துக்கிடமானதாயின், மீதிப் பதினாறு முறையும் எவர் எழுந்து ஓடுவர்?

இத்தளம்பலின் காரணங்களை இல்லினோய்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2014இல் ஆராய்ந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டவை அப்பாச்சி அமைப்பின் 51 திட்டங்கள். (அவ்வமைப்பின் அக்சிஸ்2 முதலிய திட்டங்களிலே கொழும்பிலும் மொறட்டுவையிலும் பயின்ற பொறியியலாளர் பலர் உழைத்தமையை எம் பழைய மாணவர் அறிவர்.) அவர்கள் வகைப்படுத்திய தளம்பல்களுள் நூற்றுக்கு 45 அளவினவற்றின் காரணம் ஒன்றே: ஒரு செயலைத் தொடக்கிவிட்டு, அது முடிந்ததா என்று பாராமல், குறித்த நேரம் மட்டுங் காத்திருந்து விடையைப் படித்தல். பானையைப் பாராது மணிக்கூட்டைப் பார்த்தல் என்பது இதுவே.

அந்த மணிக்கூட்டையேனும் நம்பலாமோ எனின், உலாவியினுள்ளே அதுவும் அரிது. ‘100 மில்லிசெக்கன் கழித்து இதனைச் செய்க’ என்று நிரலிற் கட்டளையிட ஒரு வழி உண்டு; செட்டைம்அவுட் என்பது அதன் பெயர். இதனைப் படிப்போர் நூறாவது மில்லிசெக்கனிலே செயல் நிகழும் எனக் கொள்வர். உண்மையிலே அக்கட்டளையின் பொருள் ‘நூறு மில்லிசெக்கனுக்கு முன் செய்யற்க’ என்பது மாத்திரமே. ஒரு பக்கத்தின் நிரற்செயல்கள் யாவும் ஒரே வரிசையில் நிற்கின்றன. முன்னால் நிற்கும் ஒன்று நீண்ட நேரம் எடுப்பின் பின்னிற்பவை காத்திருத்தல் வேண்டும். வங்கியில் ஒரேயொரு சாளரந் திறந்திருக்கும் நாளைப் போல. அன்றியும் இத்தகைய கட்டளைகள் ஒன்றினுள் ஒன்றாக ஐந்து அடுக்கைக் கடந்துவிட்டால், எத்துணைச் சிறு நேரங் கேட்பினும் 4 மில்லிசெக்கனுக்குக் குறையாமற் கொடுக்க வேண்டுமென்பது விதி. பயனர் வேறொரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையிற் பின்னணியிலுள்ள பக்கத்தின் கட்டளைகள் பெரும்பாலும் செக்கனுக்கு ஒருமுறை மட்டுமே விழிக்கும். 2021இல் வெளிவந்த குரோமின் 88ஆம் பதிப்பு முதலாக, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கங்களிற் சில நிமிடத்துக்கு ஒருமுறையே விழிக்கின்றன. மின்கலத்தின் ஆயுளைக் காத்தற்கு இவை நல்லன. ‘அரைச் செக்கனுக்குள் முடிந்திருக்கும்’ என்று எழுதப்பட்ட சோதனைக்கோ இவை யாவும் பொறிக்கிடங்குகள்.

நேரத்தை அறிவிக்கும் மணிக்கூட்டுக்கும் கால இடைவெளியை அளக்கும் மணிக்கூட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இலங்கையர் அனுபவத்தால் அறிந்துள்ளனர். 1996 மே 25ஆம் நாள், மின்சாரத் தட்டுப்பாட்டையொட்டி, இலங்கையின் நேரம் கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியதாக இருந்ததை ஆறரை மணியாக மாற்றினர். அதே ஆண்டு ஒக்டோபர் 26ஆம் நாள் அஃது ஆறு மணியாயிற்று. விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிற் பழைய நேரமே வழங்கியமையால் ஒரு சிறு தீவுக்கு இரண்டு மணிக்கூடுகள் இருந்தன. 2006 ஏப்பிரல் 15ஆம் நாள், நள்ளிரவு கடந்து அரைமணியானபோது, மணிக்கூடுகள் மீண்டும் நள்ளிரவுக்குத் திருப்பப்பட்டு நாடு ஐந்தரை மணிக் கணக்குக்கு மீண்டது. அன்றிரவு கொட்டாஞ்சேனையில் ஒருவர் 12.28க்கு அடுப்பேற்றி நான்கு நிமிடத்தில் இறக்கினாரெனக் கொள்வோம். இறக்கும்போது சுவர்மணிக்கூடு 12.02 எனக் காட்டும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பின் தேநீர் வடித்தற்குச் சென்ற காலம் ‘குறை 26 நிமிடம்’!

நகைப்புக்கிடமான இக்கணக்கையே பல சோதனைகள் செய்கின்றன. உலாவி தன்னுள்ளே கிறீனிச் கணக்கையே வைத்திருப்பதனால் நாட்டின் நேரமாற்றம் மட்டும் அதனைக் கெடாது என்பது உண்மை. ஆனால் நிரல் எழுதுவோன் உள்ளூர் நேரத்தை எடுத்துக் கழித்தாலும், எவரேனும் கணினியின் மணிக்கூட்டையே கையாற் பின்தள்ளினாலும், வலைப்பின்னல் வழியே கணினி தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டாலும், குறைக் காலம் தோன்றும். இதன் பொருட்டு, ஒருபோதும் பின்னோக்கிச் செல்லாத வேறொரு மணிக்கூட்டை உலாவிகள் தருகின்றன. பெர்போமன்ஸ் நவ் எனப்படும் அதற்கு 2012இல் உலகளாவிய நியமம் வகுக்கப்பட்டது. அது மணி இத்தனை என்று கூறாது. ஒரு தொடக்கத்திலிருந்து எவ்வளவு சென்றதென்று மட்டுமே கூறும். இடைவெளியை அளக்க வேண்டுவோர் அதனையே கொள்ளல் வேண்டும்.

அதற்கும் ஓர் இடையூறு வந்தது. 2018 சனவரியில் ஸ்பெக்டர் என்னும் செயலிக் குறைபாடு வெளிப்பட்டது. மிக நுண்ணிய காலத்தை அளக்கவல்ல தீய நிரலொன்று, பிறருடைய இரகசியத்தை அக்காலவேறுபாட்டிலிருந்தே ஊகித்தறிய முடியும் என்பது அதன் சாரம். எனவே உலாவிகள் தம் மணிக்கூட்டை வேண்டுமென்றே மழுங்கச் செய்தன. பயர்பொக்ஸ் முதலில் 20 மைக்குரோசெக்கனாகவும் குரோம் 100 மைக்குரோசெக்கனாகவும் நுண்மையைக் குறைத்தன; குரோம் சிறிது நடுக்கத்தையுங் கலந்தது. பாதுகாப்பின் பொருட்டுப் பொய் கூறும் மணிக்கூடு என்பது நம் முன்னோர் கண்டிராத புதுமை.

இனி, இவ்விடயத்தில் என் கவனத்தை ஈர்த்த நிகழ்ச்சியொன்றைக் கூறுகின்றேன். எம்மிடம் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர் இந்நகரிலே மென்பொருள் அலுவலகமொன்றிற் பணியாற்றுகின்றார். பொருள்களை வீட்டுக்கு அனுப்பும் வணிகர் ஒருவருக்காக, முகவரியைத் தேடித்தரும் பெட்டியொன்றை அவர்கள் அமைத்தனர். உரோமன் எழுத்தில் ஊர்ப்பெயரைத் தட்டத் தட்டப் பொருந்தும் ஊர்கள் கீழே விரியும். அதற்கான சோதனை, பெயரைத் தட்டி அரைச் செக்கன் காத்திருந்து, பட்டியலின் முதலில் வெள்ளவத்தை நிற்கின்றதா என்று பார்த்தது. காலையில் அது தேறும். அலுவலகப் பொறிகள் யாவும் உழைக்கும் பிற்பகலிற் சிலவேளை தவறும். அவரைச் சந்தித்தபோது அதுபற்றிக் கேட்டேன். “அது சும்மா ஆடுகிற சோதனை, சேர். இன்னொருமுறை ஓடவிட்டாற் பச்சையாகிவிடும்” என்றார்.

காத்திருக்கும் நேரத்தை இரண்டு செக்கனாக நீட்டினர். அதன் பின்னர்ச் சோதனை பெரும்பாலும் தேறிற்று. சில வாரங்களின் பின் வணிகரிடமிருந்து முறைப்பாடு வந்தது. வெள்ளவத்தை மூதாட்டி ஒருவருக்கு அனுப்பிய மருந்துப்பொதி மொனராகலை மாவட்டத்து வெல்லவாயவுக்குச் செல்லும் பொதிகளுடன் சேர்ந்துவிட்டது. இவ்விரு பெயர்களும் உரோமன் எழுத்தில் ‘வெல்லவா’ என்னும் அளவுக்கு ஒன்றே. அதுவரை தட்டியபோது சென்ற வினாவுக்கு ஒரு விடையும், முழுப்பெயரைத் தட்டியபின் சென்ற வினாவுக்கு வேறொரு விடையும் வரவேண்டும். வலைப்பின்னல் தாமதித்த வேளைகளில் முதல் வினாவின் விடை பின்னால் வந்து, சரியான பட்டியலை அழித்துத் தான் அமர்ந்துகொண்டது. தட்டியவர் விரைந்து முதல் வரியை அழுத்தினார். அதில் நின்றது வெல்லவாய. பிற்பகலிற் சோதனை தவறியபோதெல்லாம் இக்குறையையே அது சுட்டிக்காட்டியது. காத்திருப்பை நீட்டியதன் பயன், சுட்டிய விரலை மடக்கியது மட்டுமே. மருந்து ஒருநாள் பிந்திக் கிடைத்ததென்றும் மூதாட்டி நலமென்றும் பின்னர் அறிந்தேன்.

தளம்புஞ் சோதனையெல்லாம் இவ்வாறு மெய்க்குறையைக் காட்டுவன என்று நான் கூறவில்லை. சோதனையே பிழையாக எழுதப்பட்டமையும் உண்டு. ஆனால் எது எதுவென்பது ஆராய்ந்தாலன்றித் தெரியாது. ஆராயாது ஒருவர்மேற் பழி சுமத்துவது மென்பொருளுக்கு முன்னரும் நிகழ்ந்தது. கிறீனிச் வான்நிலையத்திலே, விண்மீன் ஒன்று தொலைநோக்கியின் இழையைக் கடக்கும் நேரத்தை, மணிக்கூட்டின் ஒலியைக் காதாற் கேட்டுக் கண்ணாற் பார்த்துக் குறிப்பது அக்கால வழக்கம். உதவியாளர் டேவிட் கின்னபுறூக் குறித்த நேரங்கள் தலைவர் மஸ்கலின் குறித்தவற்றிலிருந்து ஏறத்தாழ முக்காற் செக்கனுக்கு மேல் வேறுபட்டமையால், 1796இல் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சில பத்தாண்டுகளின் பின் செருமானிய வானியலறிஞர் பெசல் அக்கணக்குகளை எடுத்து ஆராய்ந்து, திறமைமிக்க நோக்குநர் இருவரிடையேயும் இத்தகைய வேறுபாடு இருந்தே தீருமென்று கண்டார். கின்னபுறூக் அதனை அறிய உயிரோடிருக்கவில்லை.

மொசில்லா அமைப்பினர் கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது. அவர்களின் சோதனைச் சட்டகத்திலே, சோதனையொன்று சுழியமல்லாத நேரங் குறித்துக் காத்திருக்கக் கட்டளையிட்டால், அச்சோதனை தவறியதாகவே கொள்ளப்படும். அவ்வாறு காத்திருத்தல் இன்றியமையாததாயின், தளம்பக்கூடிய காத்திருப்புக்கு அனுமதி கோரும் வரியொன்றை எழுதி, அதனுள்ளே காரணத்தையும் எழுதுதல் வேண்டும். தடை என்பதிலும் பார்க்க இதனை ஒருவகை வாக்குமூலம் எனலாம். காரணத்தை எழுத உட்கார்ந்தவர்களுட் பலர், எழுதத் தக்க காரணம் இல்லையென உணர்ந்து, நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கும் வழிக்குத் திரும்புவர். பக்கம் ஏற்றப்பட்டது, அசைவு முடிந்தது, விடை வந்தது என்று உலாவியே அறிவிக்கும் நிகழ்ச்சிகள் பல உள. அறிவிப்பு இல்லாதவிடத்து நிபந்தனை நிறைவேறிற்றா என்று இடையிடையே பார்த்திருக்கலாம். ஒரு மேலெல்லை வேண்டும் என்பது உண்மையே. அடுப்பே அணைந்துவிட்டாற் பானையை நாள்முழுவதும் பார்த்திருத்தல் கூடாதன்றோ? ஆனால் அவ்வெல்லை, எதிர்பார்க்கும் நேரமாகவன்றி, நம்பிக்கையைக் கைவிடும் நேரமாகத் தாராளமாய் அமைய வேண்டும். விரைவாக முடிந்த வேளையில் அதனால் ஒரு கணமும் வீணாகாது.

சோதனை செய்யப்படும் பொருளே காலமாயின் யாது செய்வது? பத்து நிமிடஞ் செயலற்றிருந்தாற் கணக்கு மூடப்படவேண்டும் என்பதைச் சோதிக்கப் பத்து நிமிடங் காத்திருத்தல் வேண்டியதில்லை. மெய்மணிக்கூட்டை அகற்றி, சோதனையாளன் கையாற் சுழற்றும் பொய்மணிக்கூட்டை நிரலுக்குக் கொடுத்துவிடலாம். முட்களைப் பத்து நிமிடம் முன்தள்ளியதும் நிரல் அதனை நம்பிக் கணக்கை மூடும். நாடகமேடையில் இரவும் பகலும் விளக்காற் செய்யப்படுவது போன்றதே இது.

இவற்றிலெல்லாங் கடினமானது ஒன்று நிகழவில்லை என்பதைச் சோதித்தலாகும். நிகழாத ஒன்று எவ்வித அறிவிப்பும் தராது. ‘அழுத்தியும் சாளரந் திறக்கக் கூடாது’ என்பதே சோதனையெனின், எவ்வளவு நேரம் பார்த்திருந்தபின் ‘திறக்கவில்லை’ என்று முடிவுகட்டுவது? ஒரு செக்கன் பார்த்தோர்க்கு இரண்டாவது செக்கனில் அது திறக்கலாம். இங்கே கடிதத்தை எதிர்பார்த்திருப்போர் செய்வதே வழி. இன்று கடிதம் இல்லை என்பதை அவர்கள் மணிக்கூட்டைப் பார்த்து அறிவதில்லை. தபாற்காரர் தம் வீட்டைக் கடந்து அடுத்த வீட்டுப் படலையைத் திறப்பதைக் கண்டு அறிகின்றனர். அதுபோல, திறக்கக் கூடாத சாளரத்துக்குரிய வரிசையிலேயே, அதன் பின்னாக, நிச்சயம் நிகழும் வேறொன்றை நிறுத்தி அதற்காகக் காத்திருக்கலாம். பின்னது நிகழ்ந்தும் முன்னது நிகழவில்லையாயின் அஃது இனி நிகழாது. இரண்டும் ஒரே வரிசையில் நிற்பன என்பது உறுதியாயிருத்தல் வேண்டும். வேறு தெருவிற் செல்லுந் தபாற்காரரைப் பார்த்துப் பயனில்லை.

எப்போதோ ஒருமுறை தவறுஞ் சோதனையை ஆராய்வதற்கு, அத்தவறு நிகழும்போது அதனைப் பிடித்துவைத்தல் வேண்டும். மொசில்லாவில் உருவான ஆர்ஆர் என்னுங் கருவி ஒரு நிரலின் ஓட்டம் முழுவதையும் பதிந்து, அதே ஓட்டத்தை அணுவளவும் பிசகாமல் எத்தனை முறையாயினும் மீள ஓட்டிக் காட்டும். 2016இல் அதனோடு ‘குழப்ப முறை’ ஒன்றும் சேர்க்கப்பட்டது. நிரலின் இழைகள் இயங்கும் ஒழுங்கை அது வேண்டுமென்றே கலைத்து, அரிதாய் நிகழும் தவறை அடிக்கடி நிகழச் செய்கின்றது. தளம்பலை அடக்க முயலாது தூண்டிவிட்டு ஆராயும் இம்முறையே எனக்கு மிகவும் உவப்பானது.

வேகத்தை அளக்குஞ் சோதனைகளின் நிலை வேறு. ‘இப்பக்கம் எத்தனை மில்லிசெக்கனில் ஏறுகின்றது’ என்னும் வினாவுக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை வருதல் இயல்பே. இதற்குச் சென்னையிலே நல்லதொரு முன்மாதிரி உண்டு. சென்னை வான்நிலையத்தின் யோன் கோல்டிங்காம் 1820, 1821ஆம் ஆண்டுகளில் ஒலியின் வேகத்தை அளந்தார். புனித ஜோர்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடிக்கப்படும் பீரங்கிகளின் ஒளி தெரிவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலுள்ள நேரமே அவர் அளவை. விடைகள் நாளுக்கு நாள் வேறுபட்டன. ஒத்துவராத நாள்களைக் கிழித்தெறியாமல், ஒவ்வோர் அளவையோடும் வெப்பநிலை, காற்றமுக்கம், ஈரப்பதன், காற்றின் திசை என்பவற்றையும் எழுதி, மாதந்தோறும் சராசரி கண்டு, 1823இல் இலண்டன் றோயல் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். வேறுபாடு என்று தோன்றியதிற் பெரும்பகுதி வெப்பநிலையின் கைவண்ணம் என்பதை அட்டவணையைப் படிப்போர் காணலாம். உலாவியின் வேகத்தை அளப்போரும் ஒரே அளவையை நம்பாது பலமுறை அளந்து, நடுப்பெறுமானத்தையும் பரம்பலையும் நோக்கி, எந்தப் பொறி, எந்தப் பதிப்பு, வேறென்ன ஓடிக்கொண்டிருந்தது என்பவற்றையும் உடன் எழுதிவைத்தல் வேண்டும். அவ்வாறு எழுதப்படாத எண் எவருக்கும் உதவாது.

எம் மாணவரின் அலுவலகத்திலே இப்போது முகவரிப் பெட்டி ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு தொடரெண் இடுகின்றது. பிந்திவந்த பழைய விடையை அது ஏற்பதில்லை. சோதனையோ, முதல் விடையை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, இரண்டாவது விடையை முன்னே அனுப்பி, அதன்பின் முதல் விடையையும் சேர்ப்பித்துவிட்டுப் பட்டியலைப் பார்க்கின்றது. அதிற் காத்திருக்கும் நேரமென எந்த எண்ணும் இல்லை. பிற்பகலிலும் அது பச்சையாகவே இருக்கின்றதென்றும், ஆடுகின்றவை எனத் தாம் ஒதுக்கிவைத்த வேறு பதினொரு சோதனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கியிருப்பதாகவும், அவற்றுள் மூன்றாவதன் காரணம் இன்னும் அகப்படவில்லையென்றும் சென்ற மாதம் வெள்ளவத்தைச் சந்தையருகே கண்டபோது கூறினார்.